ஆங்கிலத்தில் வினைக்குப் பின் வினை: டு எங்கே, இங் எங்கே, ஒன்றுமே வேண்டாத இடம் எங்கே?

அலுவலக மெயில் ஒன்றில் நீங்கள் எழுதிய மூன்று வாக்கியங்களை மேலாளர் திருத்தியதாகச் சொல்கிறீர்கள். “ஐ டிட் நாட் ரிசீவ்ட் யுவர் மெயில்” என்பதில் ரிசீவ்ட், ரிசீவ் ஆகிவிட்டது. “ஐ மேட் ஹிம் டு சைன் த ஃபார்ம்” என்பதில் டு காணாமல் போனது. “லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ” என்பதில் டு அப்படியே இருக்க, மீட் மட்டும் மீட்டிங் ஆனது. ஒரு இடத்தில் எட் போகிறது, இன்னொரு இடத்தில் டு போகிறது, மூன்றாவதில் இங் வந்து ஒட்டுகிறது. இதற்கெல்லாம் ஏதாவது அடிப்படை உண்டா, இல்லை பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழியா என்பது உங்கள் கேள்வி.

பெரும்பகுதிக்கு அடிப்படை இருக்கிறது. மீதியைப் பழக்கத்தால்தான் பிடிக்க முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பில் பல வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு முன்னால் பள்ளியில் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவனும்கூட. அட்மிட், அவாய்ட், கன்சிடர், டினை, எஞ்சாய் என்று அகர வரிசையில் எழுதிப்போட்டார்கள். எஞ்சாய்க்கு அப்புறம் என்ன வந்தது என்று இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அடியில் ஓடும் ஒழுங்கு தமிழிலேயே இருக்கிறது என்பதை யாரும் அன்று சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். தமிழில் வினைகளை அடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? “போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.” இதில் போ, பார், விடு, வா என்று நான்கு வினைகள் இருக்கின்றன. காலமும் ஆளும் தெரிவது ‘வந்தேன்’ என்ற கடைசி ஒன்றில்தான். மற்ற மூன்றும் எச்சமாக நிற்கின்றன. “போனேன் பார்த்தேன் விட்டேன் வந்தேன்” என்று ஒரே வாக்கியமாக யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் இதே கட்டுப்பாடுதான், திசை மட்டும் மாறும். அங்கே தொடரின் முதல் வினைக்குத்தான் காலம். “ஷி ஹாஸ் பீன் டிரையிங் டு ஃபைண்ட் எ ஹவுஸ்” என்பதில் காலமும் ஒருமையும் ஹாஸ் என்பதோடு முடிந்துவிட்டன. பீன், டிரையிங், டு ஃபைண்ட் மூன்றும் நம் எச்சங்களைப் போன்றவை. ரேஷன் கார்டில் எத்தனை பேர் இருந்தாலும் குடும்பத் தலைவர் ஒருவர்தானே. தமிழ் அவரைக் கடைசி வரியில் எழுதுகிறது, ஆங்கிலம் முதல் வரியில் எழுதுகிறது.

இப்போது “டிட் நாட் ரிசீவ்ட்” ஏன் தவறு என்பது தெரிந்துவிடும். டிட் வந்த உடனே இறந்தகாலம் பதிவாகிவிட்டது, அடுத்ததற்கு இன்னொரு முறை போட இடமில்லை. நம்மவர்கள் இதில் ஏன் இவ்வளவு வழுக்குகிறோம் என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. “மெயில் வரவில்லை” என்கிற தமிழ் வாக்கியத்தில் காலமே தெரியாது. நேற்று வரவில்லை என்றாலும் அதே வடிவம், இப்போது வரவில்லை என்றாலும் அதே வடிவம். ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘நடந்து முடிந்த விஷயம், எங்காவது காட்ட வேண்டுமே’ என்று கை பதறி, பொருள் தரும் வினையின் மேலேயே எட் போட்டுவிடுகிறது. டிட் என்பதை நாம் வெறும் ‘இல்லை’யின் ஒரு துண்டாகக் கேட்கிறோம், வினையாகக் கேட்பதில்லை. அதை வினையாகக் கேட்கப் பழகினாலே இந்தத் தவறு போய்விடும்.

இந்த டூ, டிட் எல்லாம் ஆங்கிலத்தில் ஆதியிலிருந்து இருந்தவையும் அல்ல. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், சிலுவையில் இயேசு சொல்லும் சொற்கள் “தே நோ நாட் வாட் தே டூ” என்றுதான் இருக்கின்றன. இன்று எழுதினால் “தே டூ நாட் நோ” என்று எழுத வேண்டும். வினைக்குப் பின்னால் நேரே நாட் போடுவது பழைய வழக்கம். நடுவில் டூ வந்து உட்காரும் வழக்கம் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் மெல்லப் பரவி, பிறகு கட்டாயமாகிவிட்டது. கான், வில், ஹாவ், பீ போன்ற துணைவினைகள் மட்டும் இன்னும் பழைய முறைப்படி நாட் என்பதை நேரடியாக ஏற்கின்றன. அதனால்தான் “கனாட்”, “ஹாஸ் நாட்” சரி, “நோ நாட்” சரியில்லை.

அடுத்தது துணைவினை வரிசை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் பொருள் தரும் வினைக்கு முன்னால் அதிகபட்சம் நான்கு துணைவினைகள் நிற்கலாம், அவற்றின் வரிசையும் மாறாது. முதலில் மே, கான், வில், மஸ்ட் போன்ற ஒன்று. அடுத்து ஹாவ். அதற்கு அடுத்து தொடர்ச்சியைக் காட்டும் பீ. கடைசியாகச் செயப்பாட்டுக்கு இன்னொரு பீ. நான்கையும் போட்டால் “இட் மே ஹாவ் பீன் பீயிங் ரிட்டன்” என்று வரும். ஆங்கிலேயர்களே அபூர்வமாகத்தான் இப்படிப் பேசுவார்கள், ஆனால் இலக்கணம் தடுக்கவில்லை. இதைத் தமிழில் சொல்லிப்பாருங்கள்: “எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.” ஒரே சொல். அதைக் கடைசியிலிருந்து பிரித்துப் பார்த்தால் லாம் என்பது மே, இருக்க என்பது ஹாவ், கொண்டிருந்து என்பது பீன், பட்டு என்பது பீயிங், எழுத என்பது ரிட்டன். கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திரும்பியிருக்கிறது, ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. முதல் தடவை இதைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பைவிட எனக்குத்தான் அதிக ஆச்சரியம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு மொழிகளிலும், ஒரு வினை தன் பக்கத்து வினையின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. தமிழில் லாம் வந்தால் அதற்கு முன்னால் ‘இருக்க’ என்ற செய வடிவம்தான் வரும். இரு வந்தால் அதற்கு முன்னால் ‘இருந்து’ என்ற செய்து வடிவம். படு வந்தால் அதற்கு முன்னால் ‘எழுத’. “எழுதிப்பட்டது” என்று எந்தக் குழந்தையும் சொல்லாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். அதேபோல ஆங்கிலத்தில் மே வந்தால் அடுத்தது வி1, அதாவது எதுவும் ஒட்டாத மூல வடிவம். ஹாவ் வந்தால் அடுத்தது வி3, அதாவது பள்ளியில் மூன்றாவதாகச் சொல்லிக்கொடுக்கும் வடிவம், ஆகவே பீன். தொடர்ச்சி காட்டும் பீ வந்தால் அடுத்ததற்கு இங், ஆகவே பீயிங். செயப்பாட்டு பீ வந்தால் அடுத்தது வி3, ஆகவே ரிட்டன். அதாவது இங் என்பது அது ஒட்டியிருக்கும் சொல்லுக்குச் சொந்தமில்லை, அதற்கு முன்னால் இருக்கும் பீ என்பதற்குச் சொந்தம். 1957-இல் நோம் சாம்ஸ்கி தன் முதல் நூலில் ஆங்கிலத் துணைவினைகளை இப்படித்தான் விளக்கினார்: ஹாவ் என்பதும் அதன் விகுதியும் ஒரே ஜோடி, பீ என்பதும் இங் என்பதும் ஒரே ஜோடி, விகுதி மட்டும் தாவி அடுத்த சொல்லின் மேல் போய் உட்காருகிறது. மொழியியலில் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது இது. நமக்கு அதிலிருந்து வேண்டியது, “ஹாவ் வென்ட்” ஏன் தவறு என்பதற்கான பதில். ஹாவ் தன் ஜோடியாகக் கேட்பது கோ என்பதன் வி3-ஆன ‘கான்’ (முடியும் என்ற கான் அல்ல). வென்ட் என்பது வி2, காலம் காட்டும் வடிவம். தொடரில் காலம் ஏற்கெனவே ஹாவ் மேல் இருப்பதால் வி2 எந்தத் துணைவினைக்குப் பின்னும் வரவே வராது. இதற்கு விதிவிலக்கே கிடையாது, எழுதி வைத்துக்கொள்ளலாம்.

“ஐ கான் ஏபிள் டு டூ” என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். கான் என்றாலே முடியும். ஏபிள் என்பது வினையே அல்ல, பெயரடை. அது நிற்க ஒரு பீ வேண்டும். ஆகவே “ஐ கான் டூ” அல்லது “ஐ ஆம் ஏபிள் டு டூ”, இரண்டில் ஒன்று. எதிர்காலத்துக்குப் போகும்போது ஏபிள் தேவைப்படும், ஏனென்றால் “வில் கான்” என்று சொல்ல வழியில்லை. கான், மே, மஸ்ட் ஆகியவற்றுக்கு இங் வடிவமும் இல்லை, வி3-உம் இல்லை. எனவே அவை தொடரின் முதல் இடத்தைத் தவிர வேறு எங்கும் நிற்க முடியாது. முதல் இடத்தை வில் பிடித்துக்கொண்டால் கான் வெளியேறி, “வில் பீ ஏபிள் டு” உள்ளே வருகிறது.

இனி உங்கள் இரண்டாவது வாக்கியம். இங்கே துணைவினைகள் முடிந்து, முழுப் பொருள் உள்ள இரண்டு வினைகள் சேர்கின்றன. மேக், சைன்.

தமிழில் இதற்கு என்ன சொல்வோம்? “அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்.” போட என்ற செய வடிவம், பக்கத்தில் வை. “போடுவதற்கு வைத்தேன்” என்று சொல்வதில்லை. அதேபோல “அவனைப் போக விடு” என்கிறோம், “போவதற்கு விடு” இல்லை. ஆங்கிலத்தில் மேக் நம் வை, லெட் நம் விடு. இரண்டுக்கும் பின்னால் டு இல்லாத வி1: “மேட் ஹிம் சைன்”, “லெட் ஹிம் கோ.” நடுவில் ஆள் வருகிறார் என்பதற்காக டு போடத் தோன்றும். ஆஸ்க், டெல், ஃபோர்ஸ், அலவ் எல்லாம் டு கேட்பவை என்பதால் அந்தப் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொள்கிறது. “ஆஸ்க்ட் ஹிம் டு சைன்”, “அலவ்ட் ஹிம் டு கோ” சரி. கெட் என்பதும் அப்படியே, “காட் ஹிம் டு சைன்.” ஹெல்ப் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். “ஹெல்ப்ட் மீ ஃபைண்ட்” என்றாலும் சரி, “ஹெல்ப்ட் மீ டு ஃபைண்ட்” என்றாலும் சரி.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் நானூறு வருடம் முன்னால் பிறந்திருந்தால் அந்த வாக்கியத்தை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். அதே கிங் ஜேம்ஸ் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தில் “ஹி மேக்கத் மீ டு லை டவுன்” என்று மேக்கோடு டு வருகிறது. அந்த டு இன்று செயப்பாட்டு வினையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. “அவர் கையெழுத்துப் போட வைக்கப்பட்டார்” என்பது “ஹி வாஸ் மேட் டு சைன்.” டு இல்லாமல் “வாஸ் மேட் சைன்” என்று எழுதினால் தவறு. செய்வினையில் நீக்கிய டு செயப்பாட்டில் திரும்பி வந்துவிடும். தேர்வில் கேட்பதற்கென்றே பிறந்த விதி இது.

பார்ப்பதும் கேட்பதும் இந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. “ஐ சா ஹிம் கிராஸ் த ரோட்” என்றால் அவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை பார்த்தேன் என்று பொருள். “ஐ சா ஹிம் கிராசிங் த ரோட்” என்றால் கடந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டார், அப்புறம் என்ன ஆனதோ. போலீஸ் விசாரணையில் இந்த வித்தியாசம் முக்கியமாகலாம், மற்றபடி பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

சரி, டு, இங் சண்டைக்கு வருவோம். பட்டியல் போட்டுத் தருகிறார்களே, அது இதற்காகத்தான்.

முதலில் இந்த டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி தெளிவாகிவிடும். பழைய ஆங்கிலத்தில் இது ‘நோக்கி’ என்று பொருள்படும் சாதாரண முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்). வினையின் நான்காம் வேற்றுமை வடிவத்துக்கு முன்னால் நின்று நோக்கத்தைச் சொன்னது. நம் ‘போவதற்கு’ என்பதில் வரும் கு போல. பிறகு அதன் பொருள் தேய்ந்து வெறும் அடையாளமாகிவிட்டது. இருந்தாலும் ‘இனிமேல் நடக்க வேண்டியதை நோக்கி’ என்ற பழைய வாசனை இன்னும் போகவில்லை. இங் வந்த வழி வேறு. அது தொழிற்பெயர் விகுதியாகப் பிறந்தது, நம் தல், அல் போல. ஆகவே இங் போட்ட வினை கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளாகிவிடுகிறது: செய்தது, அல்லது செய்துகொண்டிருப்பது.

இதைத் தமிழோடு பொருத்திப் பாருங்கள். நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளைப் பன்னிரண்டாக எண்ணுகிறது. அவற்றில் இன்றைய பேச்சில் அதிகம் புழங்குவது செய்து, செய என்ற இரண்டும்தான். நாம் செய வடிவத்தை எங்கெல்லாம் போடுகிறோம்? செய்ய விரும்பினேன், செய்ய முடிவுசெய்தேன், செய்யத் தயங்கினேன், செய்யத் துணிந்தேன், செய்யக் கற்றுக்கொண்டேன், செய்யத் திட்டமிட்டேன். இவற்றுக்கு ஆங்கிலம் வான்ட், டிசைட், ஹெசிடேட், டேர், லேர்ன், பிளான். அத்தனைக்கும் டு. இனி ‘ஐ’ உருபோடு வருகிறவற்றைப் பாருங்கள். செய்வதைத் தவிர்த்தேன், செய்வதை நிறுத்தினேன், செய்வதைத் தள்ளிப்போட்டேன், செய்வதை ரசித்தேன். இவற்றுக்கு அவாய்ட், ஸ்டாப், போஸ்ட்போன், எஞ்சாய். அத்தனைக்கும் இங்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு நம் வினைகள் மூன்றைக் காட்டுகிறேன்.

ஒப்புக்கொள் என்பது முதலாவது. “பணம் தர ஒப்புக்கொண்டான்” என்றால் இனிமேல் தரப்போகிறான். “பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டான்” என்றால் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. தமிழில் ஒரே வினை, எச்சம் மாறியதால் பொருள் மாறியது. ஆங்கிலம் இதற்கு இரண்டு தனி வினைகளை வைத்திருக்கிறது: “அக்ரீட் டு பே”, “அட்மிட்டட் டேக்கிங்.” செய இருந்த இடத்தில் டு, ஐ இருந்த இடத்தில் இங்.

‘மறு’ என்பது இரண்டாவது. “பதில் சொல்ல மறுத்தார்” என்பது “ரெஃப்யூஸ்ட் டு ஆன்சர்.” “பணம் வாங்கியதை மறுத்தார்” என்பது “டினைட் டேக்கிங்.” மறுபடியும் நமக்கு ஒன்று, அவர்களுக்கு இரண்டு, வாய்பாடு அதேதான். டினை, ரெஃப்யூஸ் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இது அப்படியே மருந்து.

‘மற’ என்பது மூன்றாவது. இங்கே ஆங்கிலமும் நம்மைப் போலவே ஒரே வினையோடு திருப்தியடைகிறது. “கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்” என்றால் “ஃபர்காட் டு லாக்.” பூட்டவே இல்லை, திருடன் உள்ளே வரலாம். “பூட்டியதை மறந்துவிட்டேன்” என்றால் “ஃபர்காட் லாக்கிங்.” பூட்டியாயிற்று, மறதி மட்டும்தான் பிரச்சினை. ரிமெம்பர் என்பதும் இதே கணக்கு. “ரிமெம்பர் டு லாக்” என்றால் மறக்காமல் பூட்டு, “ஐ ரிமெம்பர் லாக்கிங்” என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது.

தேர்வுக் கேள்விகளில் தவறாமல் வரும் ஸ்டாப்பும் இதில் அடங்கும். டீ குடிக்க நின்றான், “ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ.” டீ குடிப்பதை நிறுத்தினான், “ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ.” முதலாமவன் கடையில் இருக்கிறான், இரண்டாமவன் கடைப்பக்கமே வருவதில்லை.

டிரை மட்டும் கொஞ்சம் வேறு. “கதவைத் திறக்க முயன்றேன்” என்றால் “டிரைட் டு ஓபன்”, ஒருவேளை திறந்திருக்காது. ஆனால் குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்பவரிடம் “கொஞ்சம் உப்புப் போட்டுப் பார்” என்கிறோமே, அது “டிரை ஆடிங் சம் சால்ட்.” உப்புப் போடுவதில் கஷ்டம் எதுவும் இல்லை, போட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் விஷயம். நம்முடைய ‘செய்து பார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இவ்வளவு சரியாகப் பொருந்துவது வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஃபோன் மெதுவாக இருந்தால் “டிரை ரீஸ்டார்ட்டிங் இட்”, அணைத்துப் போட்டுப் பார்.

ஒன்று மறந்துவிட்டேன். “சாப்பிடப் போகிறேன்” என்பதும் “ஐ ஆம் கோயிங் டு ஈட்” என்பதும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. இரண்டிலும் ‘போ’ என்ற வினை, நடப்பதை விட்டுவிட்டு எதிர்காலத்தைக் காட்டும் துணைவினை ஆகியிருக்கிறது. சேர்ந்து வருவது செய வடிவம், டு.

இந்தத் தமிழ்ச் சோதனை எங்கே உதறிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ‘என்று’ வரும் இடங்களில்தான். ‘என்று’ என்பது நம்மிடம் இருக்கும் பெரிய பாலம், எதையும் எதோடும் சேர்த்துவிடும். “நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்” என்பதிலிருந்து நம்மவர்கள் “ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்” என்று கட்டுகிறார்கள். வான்ட்டுக்கு தட் பிடிக்காது, “ஐ வான்ட் யூ டு கம்” என்றுதான் சொல்ல வேண்டும். ஹோப் நேர் எதிர். அதற்கு தட் வேண்டும், “ஐ ஹோப் யூ டு கம்” என்று வராது. “போகலாம் என்று நினைத்தேன்” என்பது “ஐ தாட் டு கோ” ஆவதில்லை, “ஐ தாட் ஆஃப் கோயிங்.” “செய்யலாமா என்று யோசிக்கிறேன்” என்பது கன்சிடர், இங் கேட்கும். இன்னும் நடக்காத காரியம்தான், இருந்தாலும் இங். மனதில் அந்தக் காரியத்தை ஒரு பொருள் மாதிரி முன்னால் வைத்துப் பார்க்கிறோம் என்று சமாதானம் சொல்லலாம். நேர்மையாகச் சொன்னால் அது பிறகு கண்டுபிடித்த சமாதானம்தான்.

அந்த வகையில் தனியாக எச்சரிக்க வேண்டியது சஜஸ்ட். “ஹி சஜஸ்டெட் மீ டு கோ” என்று எழுதாத தமிழ்நாட்டு அலுவலகமே இருக்காது என்று நினைக்கிறேன். ஆஸ்க், டெல், அட்வைஸ் மூன்றும் அந்த அமைப்பை ஏற்கும், சஜஸ்ட் ஏற்காது. “ஹி சஜஸ்டெட் கோயிங்” அல்லது “ஹி சஜஸ்டெட் தட் ஐ கோ.” காரணம் கேட்டால் பழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இப்படிப்பட்டவற்றுக்குத்தான் அகராதி வேண்டும். ஜப்பானில் பல வருடம் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, எந்த வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதை 25 வாய்பாடுகளாக வகுத்து 1954-இல் நூலாக வெளியிட்டார். கற்பவர்களுக்கான அகராதிகளில் ஒவ்வொரு வினையின் கீழும் அதன் அமைப்பைக் காட்டும் வழக்கம் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கும் அந்த வகை அகராதியில் ஒரு வினையைத் தேடினால், பொருளுக்குப் பக்கத்திலேயே “டு டூ சம்திங்” என்றோ “டூயிங் சம்திங்” என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் பொருளுக்கு ஓடிவிடுகிறார்கள். பொருளை விட்டாலும் அதை விடாதீர்கள்.

கடைசியாக, “லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ.” இதில்தான் உங்களுக்கு உண்மையான கோபம் என்று தெரிகிறது: ‘டு வந்தால் வி1 என்று சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது மாற்றினால் எப்படி?’

தவறு சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் டு இரண்டு. ஒன்று, வினைக்கு முன்னால் நிற்கும் வெறும் அடையாளம், மேலே பார்த்தோமே, தேய்ந்துபோன பழைய டு. இன்னொன்று தேயாமல் இன்றும் முன்னிடைச்சொல்லாகவே இருப்பது, “வென்ட் டு மதுரை” என்பதில் வருவது. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர முடியும். வினை வந்தே ஆகவேண்டும் என்றால் அது இங் போட்டுப் பெயராக மாறித்தான் உள்ளே நுழையும். இன், அட், ஆஃப், வித்தவுட், பை, ஆஃப்டர் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்: “இன்டரஸ்டெட் இன் லேர்னிங்”, “குட் அட் குக்கிங்”, “வித்தவுட் ஈட்டிங்.” இந்தப் பகுதியில் இவ்வளவு நம்பகமான விதி வேறு இல்லை. “லுக் ஃபார்வர்ட் டு” என்பதில் இருப்பது இரண்டாவது டு, ஆகவே மீட்டிங்.

எந்த டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டு என்பதற்குப் பின்னால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு பொங்கல்” சரியாக இருக்கிறது, ஆகவே அது முன்னிடைச்சொல். “ஐ டிசைடெட் டு பொங்கல்” என்று சொல்ல முடியாது, ஆகவே அங்கே இருப்பது அடையாள டு, அதற்குப் பின்னால் வி1.

இதே சோதனையை யூஸ்ட் டு என்பதில் போட்டால் பல வருடக் குழப்பம் ஒன்று தீரும். “ஐ ஆம் யூஸ்ட் டு திஸ் ஹீட்”, இந்த வெயில் எனக்குப் பழகிவிட்டது. பெயர் பொருந்துகிறது. ஆகவே “ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபோர்”, நாலு மணிக்கு எழுந்து பழகிவிட்டது. முன்னால் ஆம் இல்லாமல் “ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபோர்” என்றால் ஒரு காலத்தில் அப்படி எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. இதில் பெயர் பொருந்தாது, “ஐ யூஸ்ட் டு திஸ் ஹீட்” என்பதற்குப் பொருளே இல்லை. இரண்டையும் மாற்றிப் போட்டு எழுதிய விண்ணப்பக் கடிதம் ஒன்று என் வகுப்பில் ஒருவர் கொண்டுவந்தார். இரவு ஷிப்டில் வேலை பார்த்துப் பழக்கம் உண்டு என்று சொல்ல நினைத்து, “ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்” என்று எழுதியிருந்தார். முன்பு பார்த்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்று படித்தவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் கேட்டிருந்த வேலையோ இரவு ஷிப்ட். ஓர் ஆம், ஓர் இங் சேர்த்து மறுபடி எழுதி அனுப்பச் சொன்னேன்.